நூற்று நாற்பத்தாறு நிமிடம்

அந்த ஆஸ்பத்திரியில் ஓரகத்திகள் இருவர் வேலை பார்த்தார்கள். மூத்தவள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் தலைமை டெக்னீஷியன். இளையவள் அவசர சிகிச்சை வார்டின் பொறுப்பு நர்ஸ். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு, கீழே ஒருத்தி மேலே ஒருத்தி என்று ஒரே வீட்டில் பதினோரு வருஷம் ஓட்டியவர்கள். துணி காயப்போடும் கம்பியிலிருந்து தண்ணீர் மோட்டார் வரை எதற்கும் அவர்களுக்குள் ஒரு வார்த்தை தடித்ததில்லை. அக்கம்பக்கத்தார் இதை நம்ப மாட்டார்கள். அவர்களுக்குள் சண்டையே கிடையாது என்று சொல்லவில்லை. சண்டையெல்லாம் ஆஸ்பத்திரியில்தான், அதுவும் போனில்.

"அக்கா, எட்டரைக்கு எடுத்த ரத்தம். மணி பதினொண்ணு ஆகப்போகுது."

"வந்ததும் ஓட்டியாச்சும்மா. பார்த்துட்டு விடறேன்."

"வந்ததும்னா எப்ப வந்துச்சு?"

"அதை உன் வார்டுலதான் கேக்கணும்."

இப்படி ஒரு நாளைக்கு நாலு தடவையாவது நடக்கும். சாயங்காலம் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போவார்கள். ஓட்டுவது இளையவள். இரண்டு பேருடைய பையையும் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்காருவது மூத்தவள். ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டிவிட்டால் ரத்தப் பேச்சு எடுக்கக் கூடாது என்பது அவர்களுக்குள் எழுதாத ஒப்பந்தம்.

ஒரு திங்கட்கிழமை அந்த ஒப்பந்தம் ஆட்டம் கண்டது. மூச்சுத் திணறி வந்த ஒருவருக்கு ரிசல்ட் வர இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் அவருடைய மூன்று மகன்களும் வார்டு வாசலில் நின்று போட்ட சத்தம் மாடி வரை கேட்டது. அன்று மத்தியானமே இளையவள் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்தாள். 'பரிசோதனைக்கூடத்தின் தாமதத்தால்' என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

கண்காணிப்பாளர் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் புகார் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"ரெண்டு பேரும் ஒரே வீடாமே?"

"ஆமா சார்," என்றாள் மூத்தவள்.

"நல்லதாப் போச்சு. லேப் ஆளை மட்டும் அனுப்பினா வார்டு மேல எழுதுவாங்க. வார்டு ஆளை அனுப்பினா லேப் மேல எழுதுவாங்க. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தே போங்க. மூணு நாள். ரத்தம் எடுத்ததுலேருந்து டியூப் எங்கெங்க நிக்குது, எவ்வளவு நேரம் நிக்குது, நிமிஷக் கணக்கா எனக்கு வேணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "என்னைக் கேட்டா அந்த டிராலிக்காரர்தான். ஆமை மாதிரி நடக்கறார். உறுதியாயிடுச்சுன்னா அவரைக் கிடங்குக்கு மாத்திடலாம்," என்றார்.

டிராலிக்காரரை அங்கே எல்லோரும் 'எக்ஸ்பிரஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர். வார்டிலிருந்து ரத்தத் தட்டை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போய்ச் சேருவது அவர் வேலை. எந்த அவசரத்திலும் அவர் நடை ஒரே மாதிரி இருக்கும் என்பதால் வந்த பட்டப்பெயர். அவரும் அதைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

முதல் நாள் மூத்தவள் வார்டுக்குப் போனாள். இருபத்திரண்டு வருஷ சர்வீசில் அந்த வார்டுக்குள் அவள் மொத்தம் பத்து தடவை வந்திருந்தால் அதிகம். கையில் நீள நோட்டும் செல்போன் கடிகாரமும் வைத்துக்கொண்டு மருந்து அலமாரி ஓரமாக நின்றாள். எட்டு பத்துக்கு ஒரு பையனுக்கு ரத்தம் எடுத்தார்கள். டியூபில் பெயர் ஒட்டி, ஜன்னலோரத் தட்டில் நிறுத்தினார்கள். எட்டு இருபதுக்கு இன்னொரு டியூப் வந்து பக்கத்தில் நின்றது. எட்டு முப்பதுக்கு மூன்றாவது. எக்ஸ்பிரஸ் இரண்டு தடவை வந்து தட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"ஏன் எடுத்துட்டுப் போகலை?" என்று மூத்தவள் அவரைக் கேட்டாள்.

"பத்து டியூப்பாவது சேரணும்மா. ரெண்டு டியூப்புக்கு ஒரு நடை போனா திட்டு விழும்."

"யார் திட்டுவாங்க?"

அவர் இளையவள் பக்கம் பார்த்தார். இளையவள் ஏதோ சார்ட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். காதில் விழாத மாதிரி எழுதிக்கொண்டே இருந்தாள். மூத்தவள் நோட்டில் 'ஜன்னல் தட்டு, இருபத்தேழு நிமிடம்' என்று குறித்தாள். யார் சொன்னது என்று குறிக்கவில்லை. கேட்டது நிமிஷத்தைத்தானே.

இரண்டாம் நாள் இருவரும் எக்ஸ்பிரஸ் பின்னாலேயே நடந்தார்கள். வார்டிலிருந்து லேபுக்கு இரண்டு தாழ்வாரம், ஒரு லிஃப்ட், ஒரு முற்றம். சும்மா கை வீசி நடந்தால் ஐந்து நிமிஷம். தட்டோடு புறப்பட்டவரை முதல் திருப்பத்திலேயே ஒருவர் நிறுத்தினார். சக்கர நாற்காலியை எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிவிட வேண்டும், நாற்காலியில் இருப்பது அவர் மனைவி, கூட வேறு யாரும் இல்லை. தட்டை ஒரு கையில் பிடித்து மறு கையால் தள்ளினார். திரும்பி வந்தால் லிஃப்ட் சாப்பாட்டு வண்டியோடு மேலே போயிருந்தது. படியில் இறங்கினார். முற்றத்தில் ஒரு டாக்டர், "எக்ஸ்பிரஸ், இந்த ஃபைலை அலுவலகத்துல குடுத்துடுங்க," என்று தட்டின்மேல் ஃபைலை வைத்தார். ஃபைலின் கனத்தில் இரண்டு டியூப் சாய்ந்தன. அவர் நின்று, ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, டியூப்களை விரலால் நிமிர்த்தினார்.

"இதெல்லாம் என் வேலை இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் இளையவள். அவளுக்கே கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"சொல்லலாம்மா. சொன்னா நாளைக்கு யாரு என்ன கேட்டாலும் முகத்தைத் தூக்கி வச்சுக்குவாங்க. நான் இதே வழியாத்தானே தினம் போகணும்."

மூத்தவள் அன்று எண்ணினாள். காலை எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் அவரைப் பதினாறு பேர் நிறுத்தினார்கள். ஆமை மாதிரி நடப்பதாகச் சொல்லப்பட்டவர் அவ்வளவு வேலைக்கும் நடுவே சராசரியாகப் பதின்மூன்று நிமிஷத்தில் தட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். வேகமாக நடக்காததற்கும் காரணம் இருந்தது. வேகமாக நடந்தால் டியூபுக்குள் ரத்தம் குலுங்கிச் சிதையும், சிதைந்தால் திரும்ப எடுக்க வேண்டும் என்று என்றோ லேபில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் அதை மறக்கவில்லை. சொன்ன ஆள் யார் என்று மூத்தவள் விசாரித்தாள்.

"நீங்கதாம்மா," என்றார்.

அவளுக்கு ஞாபகம் இல்லை.

மூன்றாம் நாள் லேப். இளையவளுக்கு அது புது உலகம். போன் பண்ணிப் பண்ணி அலுத்த இடத்தை அவள் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தாள். கவுண்டரில் ஒரு பெண் ஒவ்வொரு டியூபின் எண்ணையும் கம்ப்யூட்டரில் அடித்தாள். எட்டு நிமிஷம். பிறகு ரத்தம் உறையக் காத்திருந்து, அதைச் சுழற்றித் தெளியவைக்கும் மெஷினில் வைத்தார்கள். இரண்டும் சேர்ந்து இருபது நிமிஷம். அதை யாராலும் குறைக்க முடியாது, ரத்தம் யார் சொன்னாலும் கேட்காது. பிறகு பெரிய மெஷின். உள்ளே போனது பதினாலு நிமிஷத்தில் எண்ணாக வெளியே வந்தது. இதற்கு நடுவே போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு டெக்னீஷியன் கையுறையைக் கழற்றி, போனை எடுத்து, தேடிப் பார்த்து, "இன்னும் வரலைங்க," என்று சொல்லி, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்.

"இதுல எத்தனை போன் எங்க வார்டுலேருந்து?" என்றாள் இளையவள், சன்னமாக.

"பாதிக்கு மேல," என்றார் அந்த டெக்னீஷியன். பொறுப்பு நர்சிடம்தான் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. மூத்தவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

சிரிப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை. மெஷின் எண்ணைக் கொடுத்த பிறகு அது நேராக வார்டுக்குப் போகாது. மூத்தவளுடைய திரையில் வந்து நிற்கும். அவள் பார்த்துச் சரி என்று அழுத்தினால்தான் நகரும். இளையவள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மூத்தவள் ஒவ்வொரு பெயராகத் திறந்தாள். அந்த ஆளின் பழைய ரிசல்ட்டைத் தேடி எடுத்தாள். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். சோடியம், பொட்டாசியம், சர்க்கரை எல்லாம் எந்தப் பிசகும் இல்லாமல் இருந்தாலும் ஒப்பிட்டாள். பழையது இல்லாவிட்டால் எழுந்துபோய் டியூபை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். சந்தேகம் வந்தால், "இதை இன்னொரு தடவை ஓட்டு," என்றாள். வரிசையில் முப்பது பெயர் சேர்ந்துவிட்டது.

இளையவள் நோட்டை வாங்கித் தானே குறித்தாள். சராசரி முப்பத்து நாலு நிமிஷம். வழி முழுவதிலும் டியூப் அதிகம் நின்ற இடம் அதுதான்.

"இப்படிப் பார்க்கச் சொல்லி யாராவது சொன்னாங்களா அக்கா?"

"இல்லை."

"பின்னே?"

மூத்தவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்காரர்கள் இருவருடைய டியூபில் பெயர் மாறி ஒட்டப்பட்டு வந்திருக்கிறது. ஒருவருக்குச் சர்க்கரை மிக அதிகம், இன்னொருவருக்குச் சரியாக இருந்தது. அவள் எண்ணைப் பார்த்தாள், மெஷின் சரியாக ஓடியிருந்தது, அனுப்பிவிட்டாள். சர்க்கரை இல்லாதவருக்கு இன்சுலின் போட்டுவிட்டார்கள். இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து எழுந்தார். விசாரணையில் தப்பு பெயர் ஒட்டியவருடையது என்று முடிந்தது. இவள்மேல் ஒரு சொல் வரவில்லை. ஆனால் அந்த ஆளின் பழைய ரிசல்ட் கம்ப்யூட்டரில்தான் இருந்தது, ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து திறந்து பார்க்கிறாள்.

"ஒன்பது வருஷத்துல இப்படிப் பார்த்து எத்தனை தப்பு பிடிச்சீங்க?"

"பதினொண்ணு."

"அதுல எத்தனை, நம்பரைப் பார்த்தாலே ஏதோ கோளாறுன்னு தெரியறது?"

மூத்தவள் யோசித்தாள். "எல்லாமே," என்றாள்.

சரியான எண்ணுக்குள் ஒளிந்திருந்த தப்பு என்று ஒன்றைக்கூட அவள் பிடித்ததில்லை. அதை அவள் அதுவரை எண்ணிப் பார்த்ததும் இல்லை.

அன்று மத்தியானம் கணக்கின் கடைசிப் பகுதிக்காக இருவரும் திரும்ப வார்டுக்கு வந்தார்கள். ரிசல்ட் வார்டுக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் மருந்து அறைக்குள், கதவுக்குப் பின்னால் இருந்தது. நர்சுகள் கட்டில் கட்டிலாக ஓடிக்கொண்டிருந்தார்கள். யாராவது உள்ளே போனால் பார்ப்பார்கள், பார்த்தால் டாக்டரிடம் சொல்வார்கள். இளையவளே லேபுக்குப் போன் போட்டு, "என்ன ஆச்சு?" என்று கேட்ட மூன்று ரிசல்ட் அந்த நேரத்தில் அவளுக்குப் பின்னால் ஆறடி தூரத்தில் திரையில் காத்திருந்தன. சராசரி முப்பது நிமிஷம். இந்தத் தடவை நோட்டில் குறித்தது மூத்தவள்.

எல்லாம் கூட்டினால் நூற்று நாற்பத்தாறு நிமிடம் வந்தது.

அன்று வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் இளையவள் கீழே இறங்கி வந்தாள். மூத்தவள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இளையவள் இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, சார் என்ன கேட்டார்? டியூப் எங்க நிக்குதுன்னுதானே?"

"ஆமா."

"மெஷினுக்கு அப்புறம் டியூப் ஏது? வெறும் நம்பர்தானே. ரத்தம் எடுத்ததுலேருந்து மெஷின் முடிக்கற வரைக்கும் எழுதிக் குடுத்துடலாம். எண்பத்திரண்டு நிமிஷம். உங்களோட முப்பத்து நாலும் வராது, என்னோட முப்பதும் வராது."

மூத்தவள் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே மனதுக்குள் கணக்குப் போட்டாள். எண்பத்திரண்டில் ஜன்னல் தட்டு இருபத்தேழு, வழி பதின்மூன்று. பாதி அங்கேயே போய்விடுகிறது.

"அப்படி எழுதினா பாதி நேரம் எக்ஸ்பிரஸ் தலையிலதான் விழும்."

"அவர் பேரை எழுதப்போறதில்லையே."

"எழுத வேண்டாம். சார் ஏற்கெனவே முடிவு பண்ணி வச்சிருக்கார்."

இளையவள் கத்தியைக் கீழே வைத்தாள். அவளும் கல்நெஞ்சுக்காரி இல்லை, ஆனால் அவளுக்கும் ஒரு காரணம் இருந்தது. அடுத்த மாதம் நர்சிங் மேற்பார்வையாளர் பதவிக்கு மூன்று பேரின் பெயர் போகிறது, அதில் அவளும் ஒருத்தி. ஏழு வருஷமாக அதற்காகக் காத்திருந்தாள். மூத்தவளுக்கும் அது தெரியும். அதற்கான விண்ணப்பத்தை இதே அடுப்படியில் உட்கார்ந்துதான் எழுதினார்கள்.

"ஒரு மாசம் போகட்டுமே அக்கா. அதுக்கப்புறம் கம்ப்யூட்டரை நானே வெளியில எடுத்துப் போட்டுடறேன். யாருக்கும் தெரியவே வேண்டாம்."

"நான் யோசிக்கறேன்," என்றாள் மூத்தவள்.

யோசிப்பதாகச் சொன்னது பொய். அவள் அப்போதே முடிவு பண்ணிவிட்டாள். அதை முகத்துக்கு நேராகச் சொல்லத் தைரியம் வரவில்லை. பிற்பாடு அவளுக்கு வலித்தது இந்த இடம்தான். ரிப்போர்ட்டில் எழுதியதற்காக அவள் வருத்தப்படவில்லை. ஆனால் அன்றைக்கு வாயைத் திறந்து முடியாது என்று சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் ரிப்போர்ட்டைத் தனியாக அடித்துக் கண்காணிப்பாளர் அறையில் கொடுத்துவிட்டாள். ஒரே பக்கம். தன்னுடைய முப்பத்து நாலை முதலிலும் வார்டின் முப்பதைக் கடைசியிலும் எழுதியிருந்தாள். எக்ஸ்பிரஸ் பற்றி ஒரு வரி: 'இவரை ஒரு வேளையில் பதினாறு பேர் நிறுத்துகிறார்கள். அப்படியும் பதின்மூன்று நிமிடத்தில் வந்துவிடுகிறார்.' கீழே தன் கையெழுத்தைப் போட்டு, இளையவளின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

கண்காணிப்பாளர் அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். "அவங்க?"

"அவங்ககிட்ட இன்னும் காட்டலை சார்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை கூட்டம் போட்டார். எல்லோர் முன்னாலும் ரிப்போர்ட் சத்தமாக வாசிக்கப்பட்டது. இளையவள் அதை அங்கேதான் முதலில் கேட்டாள். வாசித்து முடியும் வரை அவள் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து மறுபடி மூடிக்கொண்டே இருந்தாள்.

சில காரியங்கள் உடனே நடந்தன. தட்டு நிறையக் காத்திருக்கக் கூடாது, கால்மணிக்கு ஒரு நடை என்று உத்தரவு வந்தது. அதற்கு எக்ஸ்பிரசுக்குத் துணையாக இன்னொரு ஆளைப் போட்டார்கள். தட்டு கையில் இருக்கும்போது அவர்களை யாரும் நிறுத்தக் கூடாது என்று தாழ்வாரத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். டாக்டர்களே முதல் வாரம் அதை மீறினார்கள், இரண்டாம் வாரம் கொஞ்சம் அடங்கினார்கள். வார்டுக் கம்ப்யூட்டர் மருந்து அறையிலிருந்து நடு மேசைக்கு வந்தது. லேபில், பழைய ரிசல்ட்டோடு ஒத்துப்போகிற சாதாரண எண்கள் யார் கையும் படாமல் தானாகப் போய்விடும்படி கம்ப்யூட்டரை மாற்றினார்கள். சரியில்லாததும் ஒத்துப்போகாததும் மட்டும் மூத்தவளிடம் வரும். உயிருக்கு ஆபத்தான எண் என்றால் காத்திருக்காமல் உடனே வார்டுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மறுபடி ஓட்டிப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மேற்பார்வையாளர் பதவி வேறொருத்திக்குப் போனது. ரிப்போர்ட்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

இளையவள் பேச்சை நிறுத்தினாள். சத்தம் போடவில்லை, குத்திக்காட்டவில்லை. வெறுமனே நிறுத்திவிட்டாள். காலையில் மூத்தவள் வாசலுக்கு வரும்போது ஸ்கூட்டர் போயிருக்கும். அவள் பஸ்ஸில் போகப் பழகினாள். வீட்டு விஷயங்கள் அண்ணன் தம்பி வழியாகப் போய்வந்தன. அவர்கள் இருவரும் மாடிப்படி நடுவில் சந்தித்துத் தூதர்கள் மாதிரி பேசிக்கொள்வார்கள்.

"மோட்டார் எப்ப போடறதுன்னு மேல கேக்கறாங்க."

"ஆறு மணிக்குப் போடலாம்னு கீழ சொல்றாங்க."

"அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நம்ம எதுக்கு அண்ணா படியில நிக்கணும்?"

"உக்காந்துக்கோ," என்றான் அண்ணன்.

அன்று சாப்பிடும்போது அவன் மனைவியிடம், "வீடு வேற ஆஸ்பத்திரி வேறன்னு நீதானே சொல்லுவே?" என்றான். அவன் கேட்டதும் நியாயம்தான். வீடு வேறாக இருந்திருந்தால் அன்றைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டு பதிலைத் தள்ளிப்போட்டிருக்க மாட்டாள்.

லேபில் அவளுக்கு வேலை குறைந்தது. திரையில் வரிசை இல்லை. எண்கள் கண்ணெதிரே வந்து தானாகப் போய்க்கொண்டிருந்தன. முதல் சில நாள் அவள் போன எண்களைப் பின்னாலேயே திறந்து பார்த்தாள். ஒன்றும் தப்பவில்லை. மூன்றாம் நாள் இருபது பெயர் பார்த்தாள், நாலாம் நாள் ஐந்து. அப்புறம் விட்டுவிட்டாள். விட்டதும் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. சும்மா இருக்கிற கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பேச்சு நின்று நாலாவது வாரம், ஒரு புதன்கிழமை முற்பகல், மெஷின் ஒரு பெயரைச் சிவப்பில் காட்டியது. பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்பது. அந்த அளவில் இதயம் எந்த நிமிஷமும் தாளம் தப்பலாம். ஆனால் ரத்தம் சிதைந்திருந்தாலும் இதே எண் வரும். மூத்தவள் எழுந்துபோய் டியூபை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மேலே நின்ற நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது, சிவப்புச் சாயல் துளியும் இல்லை. மறுபடி ஓட்டிப் பார்க்கக் கை பரபரத்தது. ஓட்டினால் பதினாலு நிமிஷம். அவள் டியூபைத் தாங்கியில் வைத்துவிட்டு போனை எடுத்தாள்.

"எமர்ஜென்சி வார்டு," என்றது இளையவளின் குரல்.

"லேப்லேருந்து. ஒன்பதாம் கட்டில். பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்பது. திருப்பிச் சொல்லுங்க."

"ஒன்பதாம் கட்டில். பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்பது," என்றாள் இளையவள். அதோடு வைத்துவிடவில்லை. "டியூப் நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருக்கு. இப்பதான் கையில எடுத்துப் பார்த்தேன்."

"சரி."

ரிசீவரை எங்கோ மேசைமேல் வைத்த சத்தம் கேட்டது. இளையவள் டாக்டரைக் கூப்பிடும் குரல், இழுவைத் திரை சரிகிற ஓசை, யாரோ மருந்தின் பெயரைச் சொல்வது, இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்வது. மூத்தவள் காதில் வைத்தபடியே நின்றாள். வைத்திருக்கத் தேவையில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. இருந்தாலும் யாரோ வந்து அந்தப் பக்கத்து ரிசீவரை எடுத்து வைக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடி ஓட்டினாள். ஆறு புள்ளி எட்டு. இரண்டு மணிக்கு அதே கட்டிலிலிருந்து புது டியூப் வந்தது. எக்ஸ்பிரஸ் அது ஒன்றை மட்டும் தட்டில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஐந்து புள்ளி ஆறு.

அன்று சாயங்காலம் ஆறு மணி இருக்கும். மூத்தவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இளையவள் கடைசிப் படிக்கு இரண்டு படி மேலேயே நின்றுவிட்டாள்.

"அந்த ஒன்பதாம் கட்டில் ஆளு எழுந்து உக்காந்துட்டார்."

"பார்த்தேன். அஞ்சு புள்ளி ஆறு."

"நம்பரைத்தான் பார்த்திருப்பீங்க. ஆள் எப்படின்னு கேக்க மாட்டீங்களா?"

மூத்தவள் கையிலிருந்த சட்டையை மடியில் வைத்தாள். "எப்படி?"

"ஆறடி உயரம். கட்டில் பத்தலை, காலு வெளியில நீட்டிட்டிருக்கு. கிட்னி கெட்டுப்போயிருக்கறது அவருக்கே தெரியாது. தச்சு வேலையாம். கண்ணு திறந்ததும் பக்கத்துல இருக்கற அலமாரியைப் பார்த்து, இதைக் கோணலா அடிச்சிருக்காங்கன்னார்."

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. "கோணலாவா இருக்கு?"

"ஆமா. ஏழு வருஷமா நான் அதைக் கவனிக்கவே இல்லை."

இளையவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாம்," என்றாள் இளையவள். "எழுதப்போறேன்னு. நான் சண்டை போட்டிருப்பேன். அவ்வளவுதான். கூட்டத்துல எல்லார் முன்னாலயும் அதைக் கேக்க வச்சீங்க பாருங்க."

"தப்புதான்," என்றாள் மூத்தவள். "எழுதினது இல்லை. சொல்லாதது."

"எழுதினதும் எனக்குக் கோபம்தான். அது தீரலை. தீரும்னும் இப்ப சொல்ல முடியாது."

"சரி."

"மோட்டார் போட்டாச்சா?"

"இன்னும் இல்லை. அவங்க ரெண்டு பேரும் படியில சந்திச்சு முடிவு பண்ணட்டும்னு இருந்தேன்."

இளையவள் எழுந்தாள். மேலே போகாமல், மீதி இரண்டு படியும் இறங்கிப் பின்பக்கம் போனாள். சுவிட்ச் போடும் சத்தமும், அதைத் தொடர்ந்து மோட்டார் ஓடத் தொடங்குவதும் கேட்டது. மூத்தவள் அடுத்த துணியை எடுத்தாள். அது இளையவளுடைய வீட்டுத் தலையணை உறை, எப்படியோ கலந்து வந்திருந்தது. அதையும் மடித்து வைத்தாள்.